தாய்மொழி உரிமை முடியும் இடத்தில் தொடங்கும் கணினி மானியம்

புது தில்லி: நாட்டிலுள்ள 14.71 லட்சம் பள்ளிகளில் கணினி வசதி உள்ளவை 64.7 சதவீதம், இணைய இணைப்பு உள்ளவை 63.5 சதவீதம் என்று 2024-25-ஆம் கல்வியாண்டுக்கான 'யூடைஸ் பிளஸ்' அறிக்கை தெரிவிக்கிறது. முந்தைய ஆண்டில் இவை முறையே 57.2 சதவீதமாகவும் 53.9 சதவீதமாகவும் இருந்தன. ஓராண்டில் ஏற்பட்ட இந்த வளர்ச்சி மத்திய கல்வி அமைச்சகத்துக்கு மனநிறைவு தரத்தக்கதே.

ஆனால், எந்தப் பள்ளிக்கு, எந்த வகுப்புக்கு, எந்த மொழியில் என்று கேட்டால் இந்தச் சராசரியில் விடை கிடைக்காது. மும்பையின் கிழக்கு ஓரத்தில், டிராம்பே மலையடிவாரத்தில் உள்ள சீத்தா கேம்ப் போன்ற பகுதிகளில் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளின் நிலையை வைத்துப் பார்த்தால்தான் இக்கேள்வியின் முழுப் பொருள் விளங்கும்.

அங்குள்ள பள்ளிகளில் இன்று எத்தனை கணினிகள் உள்ளன என்பது இங்கு பிரச்னை அன்று. ஒரு நன்கொடையாளரோ, ஒரு மக்கள் பிரதிநிதியோ மனம் வைத்தால் நாளையே பத்துக் கணினிகள் வந்து இறங்கலாம். அரசின் திட்டங்களில் எந்த விதியைக் காட்டி அக்குழந்தைகள் அதை உரிமையாகக் கேட்க முடியும் என்பதே பிரச்னை. அந்த விதிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் ஒரு முரண்பாடு தெரிய வருகிறது. தாய்மொழிக் கல்விக்கு அரசியல் சாசனம் துணை நிற்கும் தொடக்க வகுப்புகளில் மத்திய அரசின் கணினி மானியம் இல்லை. அம்மானியம் தொடங்கும் ஆறாம் வகுப்பில் தாய்மொழிக்கான அந்தத் துணை இல்லை.

சட்டம் சொல்வது என்ன?

மொழிவாரி மாநிலங்கள் அமைக்கப்பட்ட 1956-ஆம் ஆண்டில், ஏழாவது திருத்தத்தின் மூலம் அரசியல் சாசனத்தில் 350-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி நிலையில் தாய்மொழியில் பயிற்றுவிக்கப் போதிய வசதிகளை அளிக்க முயல வேண்டும் என்று அது கூறுகிறது. அக்கடமை மாநில அரசுக்கு மட்டும் உரியதன்று. மாநிலத்துக்குள் உள்ள ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்புக்கும் உரியது என்றும் அப்பிரிவு தெளிவாகக் குறிப்பிடுகிறது. மும்பையைப் பொருத்தவரை அந்த உள்ளாட்சி அமைப்பு பிருஹன்மும்பை மாநகராட்சியாகும்.

மும்பை மாநகராட்சி இக்கடமையைப் புறக்கணித்துவிட்டதாகக் கூற முடியாது. மராத்தி, ஹிந்தி, உருது, ஆங்கிலம், குஜராத்தி, கன்னடம், தெலுங்கு, தமிழ் என எட்டுப் பயிற்று மொழிகளில் அது பள்ளிகளை நடத்தி வருகிறது. ஒரே உள்ளாட்சி அமைப்பு எட்டு மொழிகளில் பாடம் நடத்துவது நாட்டில் அரிதான செய்தி. தாராவி, மாட்டுங்கா, செம்பூர், சீத்தா கேம்ப் பகுதிகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பல தலைமுறைகளாகத் தமிழ் எழுத்தைக் கற்றது இந்த ஏற்பாட்டினால்தான்.

'போதிய வசதிகள்' என்ற சொல்லுக்கு 1956-இல் கட்டடம், ஆசிரியர், பாடநூல் என்று பொருள் கொள்ளப்பட்டிருக்கலாம். இன்று கணினியும் இணையமும் அந்தச் சொல்லுக்குள் அடங்குமா என்பதற்குச் சட்டத்தில் நேரடியான விடை இல்லை. 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒரு பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், சமையற்கூடம், விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர், நூலகம் ஆகியவை அதில் உள்ளன. கணினி இல்லை. எனவே, தொடக்கப் பள்ளியில் கணினி என்பது சட்டப்படியான உரிமையாக இல்லாமல், திட்டங்கள் வழங்கும் சலுகையாகவே இருந்து வருகிறது.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரையிலும், இயன்றால் எட்டாம் வகுப்பு வரையிலும் தாய்மொழியே பயிற்று மொழியாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அதே ஆவணம் கல்வியில் தொழில்நுட்பத்தைப் பரவலாகப் பயன்படுத்தவும் வலியுறுத்துகிறது. இவ்விரு பரிந்துரைகளும் ஒரே குழந்தையிடம் ஒரே வகுப்பறையில் சந்திக்கும்படி நிதி விதிகள் வகுக்கப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது அவசியமாகிறது.

நாற்பது ஆண்டுப் பாதை

பள்ளிகளில் கணினிக்கு மத்திய அரசு பணம் ஒதுக்குவது புதிதன்று. 1984-85-ஆம் ஆண்டில் 'கிளாஸ்' என்ற பெயரில் கணினி எழுத்தறிவுத் திட்டம் முன்னோடி முயற்சியாகத் தொடங்கப்பட்டது. பிரிட்டனில் தயாரான 'பிபிசி மைக்ரோ' கணினிகள் அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளுக்கு அளிக்கப்பட்டன. பின்னர் 2004 டிசம்பரில் பள்ளிகளில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத் திட்டம் தொடங்கப்பட்டு, 2010-இல் திருத்தி அமைக்கப்பட்டது.

இத்திட்டம் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கானது. எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு, அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் புத்தாக்க நிதியிலிருந்து கணினி வழிக் கற்றலுக்காக மாவட்டம் ஒன்றுக்கு ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. அதுவும் நடுநிலை வகுப்புகளை முன்னிட்டே செலவிடப்பட்டது. மும்பை மாநகராட்சியின் தொடக்கப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் அதன் உயர்நிலைப் பள்ளிகள் மிகக் குறைவு. ஆக, 2004 முதல் 2018 வரை மத்திய அரசின் முக்கியமான கணினித் திட்டம் மாநகராட்சிப் பள்ளிகளின் பெரும்பகுதியைத் தொடவே வாய்ப்பில்லாமல் இருந்தது.

2018-இல் மூன்று திட்டங்கள் இணைக்கப்பட்டு 'சமக்ர சிக்ஷா' எனும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் உருவானது. அதன்பின் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கணினி மானியம் விரிவுபடுத்தப்பட்டது. கணினி ஆய்வகம் அமைக்கப் பள்ளி ஒன்றுக்கு ஒருமுறைச் செலவாக ரூ.6.40 லட்சம் வரையிலும், தொடர் செலவாக ஆண்டுக்கு ரூ.2.40 லட்சம் வரை ஐந்தாண்டுகளுக்கும் வழங்க விதி செய்யப்பட்டது. ஆய்வகத்துக்கு மாற்றாக இரண்டு ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்க ரூ.2.40 லட்சமும், அவற்றின் தொடர் செலவுக்கு ரூ.38 ஆயிரமும் வரம்பாக நிர்ணயிக்கப்பட்டன. மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் இச்செலவில் 60 சதவீதத்தை மத்திய அரசும் 40 சதவீதத்தை மாநில அரசும் ஏற்கின்றன.

இது வரவேற்கத்தக்க விரிவாக்கமே. எனினும், ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகள் இதற்கும் வெளியேதான் நிற்கின்றன. 'பி.எம். ஸ்ரீ' போன்று தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளுக்கான திட்டங்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. 2022 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற அத்திட்டமோ நாடு முழுவதற்கும் 14,500 பள்ளிகளை மட்டுமே இலக்காகக் கொண்டது.

நகரத்துக் குடிசை எந்தக் கணக்கில்?

வகுப்பு என்ற வடிகட்டியைத் தாண்டினால் அடுத்து நிற்பது இடம் என்ற வடிகட்டி. கிராமப்புறங்களில் உள்ள அனைத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் 'பாரத்நெட்' வாயிலாக அகண்ட அலைவரிசை இணைப்பு வழங்கப்படும் என்று 2025 பிப்ரவரி 1-இல் தாக்கல் செய்த பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். கிராமங்கள் பின்தங்கியிருப்பதால் அவற்றுக்கு முன்னுரிமை அளிப்பதில் தவறில்லை. ஆனால், 'கிராமப்புறம்', 'உயர்நிலை' என்ற இரு சொற்களும் சேர்ந்தால் நகரக் குடிசைப் பகுதியின் தொடக்கப் பள்ளி இரண்டு முறை விடுபடுகிறது.

நகரம் என்றாலே வசதி உண்டு என்ற எண்ணம் புள்ளிவிவரங்களிலும் ஊறியிருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 சுற்றில், நகர்ப்புறக் குடும்பங்களில் 23.4 சதவீதத்திடமும் கிராமப்புறக் குடும்பங்களில் 4.4 சதவீதத்திடமும் கணினி இருந்ததாகத் தெரிய வந்தது. நகர்ப்புறத்துக்கான அந்த எண்ணில் மலபார் ஹில் அடுக்குமாடியும் சீத்தா கேம்ப் சந்தும் ஒன்றாகக் கலந்துள்ளன. கரோனா காலத்தில் பள்ளிக் குழந்தைகளின் வீடுகளில் கைப்பேசி உள்ளதா என்பதை ஆராய்ந்து பெரிதும் பேசப்பட்ட 'அசர்' அறிக்கை, 2018-இல் 36.5 சதவீதமாக இருந்த ஸ்மார்ட்போன் வசதி 2020-இல் 61.8 சதவீதமாக உயர்ந்ததாகக் கூறியது. அதுவும் கிராமப்புற ஆய்வே.

2016 முதல் செயல்படும் அடல் ஆய்வகத் திட்டத்திலும் இதே நிலை வேறு வடிவில் காணப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் படிக்கும் மாணவர்களுக்கான இந்த ஆய்வகத்துக்குப் பள்ளி ஒன்றுக்கு ரூ.20 லட்சம் வரை மானியம் உண்டு. ஆனால், திட்டம் தொடங்கியபோது வெளியிடப்பட்ட நெறிமுறைகள், விண்ணப்பிக்கும் பள்ளியிடம் 1,500 சதுர அடி கட்டப்பட்ட இடம் இருக்க வேண்டும் என்று கோரின. மும்பையில் குடிசை மறுசீரமைப்புத் திட்டத்தின்கீழ் ஒரு குடும்பத்துக்கு வழங்கப்படும் வீட்டின் பரப்பு சுமார் 300 சதுர அடி. ஐந்து குடும்பங்கள் வாழும் பரப்பை ஓர் ஆய்வகத்துக்காக ஒதுக்கிக் காட்டும் நிலையில் இப்பகுதியின் மாநகராட்சிப் பள்ளிகள் எத்தனை இருக்க முடியும்?

இத்தனைக்கும் சீத்தா கேம்ப் மக்கள் தாமாகத் தேடி வந்து குடியேறிய இடம் அன்று. அரசு கொண்டுவந்து விட்ட இடம். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக, அருகிலிருந்த ஜனதா காலனி நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம் இடித்து அகற்றப்பட்டது. சுமார் 70 ஆயிரம் பேர் சதுப்பு நிலத்தை ஒட்டிய இன்றைய சீத்தா கேம்புக்கு மாற்றப்பட்டனர். அவர்களில் தமிழர்கள் கணிசமானோர்.

அந்த வெளியேற்றத்தை எதிர்த்துத் தில்லி வரை வந்து முறையிட்டவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். பின்னாளில் தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பின் தலைவராக விளங்கி, 2000-ஆம் ஆண்டில் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்ற அவர், 2018 அக்டோபரில் காலமானார். ஜனதா காலனியில் அவரது பொதுவாழ்வு தொடங்கியதே குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததில்தான். அள்ளப்படாத குப்பையை அக்குழந்தைகளைக் கொண்டே சுமந்து சென்று மாநகராட்சி அலுவலகத்தின் முன் கொட்டச் செய்த போராட்டம் இன்றும் பேசப்படுகிறது.

சீத்தா கேம்ப் அடங்கிய எம்-கிழக்கு வார்டு, மாநகராட்சியின் முயற்சியில் தயாரான 2009-ஆம் ஆண்டு மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் 0.05 என்ற குறியீட்டுடன் நகரிலேயே கடைசி இடத்தில் இருந்தது. அரசே குடியமர்த்திய இடம், அரசு அமைப்பே கடைசி இடம் அளித்த வார்டு என்ற இரு காரணங்களாலும் அப்பகுதிக் குழந்தைகளின் கோரிக்கைக்கு மற்றவர்களின் கோரிக்கையைவிடக் கூடுதல் நியாயம் உண்டு.

பணம் இல்லை என்று சொல்ல முடியுமா?

மத்திய அரசின் விதிகள் இடம் தராவிட்டால் மாநகராட்சியே செலவிடலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. 2025-26-ஆம் ஆண்டுக்கு மும்பை மாநகராட்சி தாக்கல் செய்த பட்ஜெட்டின் மொத்த மதிப்பு ரூ.74,427 கோடி. இதில் கல்விக்கான பட்ஜெட் ரூ.3,900 கோடிக்கு மேல். ஒப்பிட்டுப் பார்த்தால், அதே ஆண்டில் நாடு முழுவதற்குமான சமக்ர சிக்ஷா திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்கியது ரூ.41,250 கோடி. நாட்டிலேயே செல்வ வளம் மிக்க மாநகராட்சி பணமில்லை என்று கைவிரிக்க முடியாது.

மும்பை மாநகராட்சி தொழில்நுட்பத்துக்குச் செலவிடாமலும் இல்லை. 2015 ஆகஸ்டில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கையடக்கக் கணினி வழங்கும் திட்டத்தை அது தொடங்கியது. புத்தகச் சுமையைக் குறைப்பதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. ஆனால், அங்கும் கருவி முதலில் சென்று சேர்ந்தது எட்டாம் வகுப்புக்கே. தொடக்க வகுப்புக் குழந்தை மீண்டும் வரிசையின் கடைசியில் நின்றது.

2020-க்குப் பின் மாநகராட்சி தனது கவனத்தை வேறு திசையிலும் செலுத்தியது. மாட்டுங்கா உல்லன் மில் பள்ளியில் ஐ.சி.எஸ்.இ. பாடத்திட்டமும், ஜோகேஸ்வரி பூனம் நகர் பள்ளியில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டமும் தொடங்கப்பட்டன. 'மும்பை பப்ளிக் ஸ்கூல்' என்ற பெயரும் அறிமுகமானது. இவ்வகை மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளின் பயிற்று மொழி ஆங்கிலம். ஏழைக் குழந்தைக்கு ஆங்கிலக் கல்வி இலவசமாகக் கிடைப்பதைக் குறை கூறுவோர் இரார். புதிய வசதிகள் அனைத்தும் ஆங்கிலவழிப் பள்ளியோடு மட்டுமே அடையாளப்படுத்தப்படும்போது, தமிழ்வழிப் பள்ளி பெற்றோரின் கண்ணில் பழம்பொருளாகிவிடும் என்பதே கவலைக்குரியது.

அதன் விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. வசதி இல்லை என்று பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றுவர். பிள்ளைகள் குறைந்துவிட்டனர் என்ற காரணத்தால் அடுத்த ஒதுக்கீட்டில் அப்பள்ளி விடுபடும். இறுதியில், கேட்பார் இல்லை என்று கூறி வகுப்புகள் இணைக்கப்படும். யாரும் ஆணை பிறப்பிக்காமலே ஒரு மொழிவழிக் கல்வி முடிவுக்கு வரும் வழி இது.

பெட்டிக்குள் எந்த மொழி?

கணினியே வந்துவிட்டாலும் அதன் திரையில் எந்த மொழியில், எந்தப் பாடத்திட்டத்தின்படி பாடம் தோன்றும் என்பது மூன்றாவது வடிகட்டி. 2017 செப்டம்பரில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் 'தீக்ஷா' தளத்தில் தமிழில் பாடங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடநூல்களை ஒட்டித் தயாரிக்கப்பட்டவை. மும்பைத் தமிழ்வழிப் பள்ளிகளோ மகாராஷ்டிர மாநிலப் பாடத்திட்டத்தின் கீழ் இயங்குபவை. வரலாறும் புவியியலும் வேறு. பாட வரிசை வேறு. தமிழ் தெரிந்தும் அந்தத் தமிழ்ப் பாடத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாத நிலையில் ஆசிரியர் இருக்கிறார்.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கல் இல்லை. 2018 முதல் அங்கு பாடநூல்களிலேயே 'கியூஆர்' குறியீடு அச்சிடப்பட்டு, கைப்பேசி வழியே காணொலிப் பாடத்தைப் பார்க்க வழி செய்யப்பட்டது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கும் திட்டமும் பின்னர் செயல்படுத்தப்பட்டது. தொடக்க வகுப்புகளுக்குத் தொழில்நுட்பம் தேவையில்லை என்ற வாதத்துக்கு ஒரு மாநில அரசு அளித்த விடையாக இதைக் கொள்ளலாம்.

மாநில எல்லைக்கு வெளியே உள்ள தமிழ்க் குழந்தைக்கு இது சாத்தியமா என்று கேட்போருக்குக் கேரளம் விடை அளிக்கிறது. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்வழியிலும், காசர்கோட்டில் கன்னடவழியிலும் அங்கு பள்ளிகள் இயங்குகின்றன. 2020 ஜூன் 1-இல் கேரள அரசின் 'கைட்' நிறுவனம் தொலைக்காட்சி வழியே 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளைத் தொடங்கியது. பின்னர் மலையாளத்தோடு நில்லாமல், தமிழ், கன்னடவழி மாணவர்களுக்கும் தனியே பாடங்கள் தயாரித்து அளிக்கப்பட்டன. கேரளப் பாடத்திட்டம், தமிழ் மொழி, டிஜிட்டல் வடிவம் என மூன்றும் ஒன்றுசேர முடியும் என்பதற்கு அது சான்று. கேரளத்தைவிட மகாராஷ்டிரம் வளம் குறைந்த மாநிலம் அன்று.

ஆய்வுகள் எச்சரிப்பது

இவ்வளவு கூறிய பின்னும், கணினி வந்தால் கல்வி தானாக உயர்ந்துவிடும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இதற்கான முக்கியமான சான்று மும்பை, வதோதரா மாநகராட்சிப் பள்ளிகளிலிருந்தே கிடைத்துள்ளது. பின்னாளில் 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ ஆகியோர் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, 'பிரதம்' அமைப்பு நடத்திய இரு திட்டங்களை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

முதலாவது, பின்தங்கிய குழந்தைகளை 15, 20 பேராகப் பிரித்து, அதே பகுதியைச் சேர்ந்த படித்த இளம்பெண் ஒருவரைக் கொண்டு நாள்தோறும் இரண்டு மணி நேரம் பாடம் சொல்லிக் கொடுக்கும் 'பால்சகி' திட்டம். இரண்டாவது, வதோதராவில் நான்காம் வகுப்பு மாணவர்களுக்கு வாரம் இரண்டு மணி நேரம் கணினியில் கணக்கு விளையாட்டுகளை அளிக்கும் திட்டம். இரண்டுமே பலன் தந்தன. கணினித் திட்டத்தில் கணக்குத் தேர்ச்சி குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. ஆனால், அதற்கு ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கு ஆன செலவு சுமார் 15 டாலர். பால்சகிக்கு ஆனது சுமார் 2.25 டாலர். திட்டம் நின்ற ஓராண்டுக்குப் பின் கணினியால் பெற்ற பலனின் பெரும்பகுதி மறைந்துவிட்டதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

இதிலிருந்து கணினி பயனற்றது என்ற முடிவுக்கு வர இயலாது. நான்காம் வகுப்புக் குழந்தைக்கே அது பலன் தந்தது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. குழந்தை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கும் பயிற்சியும், அருகில் இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளும், இடைவிடாத தொடர்ச்சியும் இருந்தால்தான் கருவி பயன்தரும் என்பதே அதன் பாடம். கல்வியில் தொழில்நுட்பம் குறித்து 2023-இல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையும் ஏறத்தாழ இதையே வலியுறுத்தியது.

இந்த அளவுகோலை மானிய விதியின் மீது வைத்துப் பார்த்தால் குறை எங்கே என்று தெரியும். விதியில் உறுதியாக இருப்பது பெட்டி வாங்கும் பணம். அதை இயக்கவும் பராமரிக்கவும் உரிய தொடர் செலவுக்கு ஐந்தாண்டு வரம்பு. பாடம் தயாரிக்கும் செலவு பயிற்று மொழி வாரியாகக் கணக்கிடப்படுவதில்லை. எட்டு மொழிகளில் பாடம் நடத்தும் உள்ளாட்சிக்கும், ஒரே மொழியில் நடத்தும் உள்ளாட்சிக்கும் பள்ளி ஒன்றுக்கு ஒரே தொகைதான்.

நாடாளுமன்றத்தின் பங்கு

குறைந்த எண்ணிக்கையிலான குழந்தைகளுக்காகத் தனியே பாடம் தயாரிப்பது வீண் செலவு என்று அதிகாரிகள் தரப்பில் வாதிடப்படலாம். பெற்றோரே ஆங்கிலவழியைத்தானே விரும்புகின்றனர் என்றும் கேட்கப்படலாம். இவ்வாதங்களை முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது. ஆனால், எண்ணிக்கை குறைவானவர்களுக்காகவே 350-ஏ பிரிவு எழுதப்பட்டது. மேலும், கணக்கு, அறிவியல் போன்ற பாடங்களுக்குத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தமிழில் ஏற்கெனவே காணொலிகள் உள்ளன. அவற்றை மகாராஷ்டிரப் பாட வரிசைக்கு ஏற்ப அடுக்கித் தருவதற்குத் தேவைப்படுவது சில ஆசிரியர்களின் சில மாத உழைப்பே. பெற்றோரின் விருப்பத்தைப் பொருத்தவரை, இரு பள்ளிகளுக்கும் சமமான வசதி அளித்த பின்னரே அதை உண்மையான விருப்பம் என்று கூற முடியும்.

தில்லியில் பள்ளிக் கல்வி நிதியும் தமிழும் சேர்ந்து பேசப்படாத கூட்டத்தொடர் அண்மைக் காலத்தில் இல்லை. பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடாததால் 2024-25-இல் தமிழ்நாட்டுக்குச் சேர வேண்டிய ரூ.2,152 கோடி சமக்ர சிக்ஷா நிதி நிறுத்தப்பட்டது. அவையில் அமளி எழுந்தது. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. இவ்விவாதத்தில் மாநில உரிமை பற்றிய கேள்வி மிக முக்கியமானது. எனினும், தமிழ்நாட்டுக்கு வெளியே தமிழில் படிக்கும் குழந்தைக்கு அதில் இடமில்லை. அக்குழந்தைக்காகப் பேச வேண்டிய மாநிலம் எது என்பதே தெளிவாக இல்லாததுதான் காரணம்.

தாராவி, செம்பூர், சீத்தா கேம்ப் அடங்கிய அணுசக்தி நகர் ஆகிய மூன்றும் மும்பை தென்மத்தி என்ற ஒரே மக்களவைத் தொகுதியில் உள்ளன. 2024 தேர்தலில் அங்கு சிவசேனை (உத்தவ்) வேட்பாளர் அனில் தேசாய் வெற்றி பெற்றார். தொகுதி மேம்பாட்டு நிதியாக எம்.பி. ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ.5 கோடி உண்டு. அதிலிருந்து பள்ளிக்குக் கணினி வாங்கலாம். ஆனால், நிலையான சொத்துகளுக்கே அந்நிதி உரியது. ஆசிரியருக்கோ பராமரிப்புக்கோ அதிலிருந்து செலவிட விதி இடம் தராது. மீண்டும் பெட்டி மட்டுமே வரும்.

ஆகவே, எம்.பி.க்களின் நிதியைவிட அவர்களின் கேள்விக்கே இங்கு மதிப்பு அதிகம். பள்ளிக் கணினிகள் குறித்த வினாக்களுக்கு அமைச்சகம் அளிக்கும் பதில் வழக்கமாக மாநிலவாரிப் பட்டியலாக இருக்கும். யூடைஸ் படிவத்திலோ ஒவ்வொரு பள்ளியின் பயிற்று மொழியும் பதிவு செய்யப்படுகிறது. கணினி, இணைய வசதியைப் பயிற்று மொழி வாரியாகவும், மாநகராட்சிப் பள்ளிகளுக்குத் தனியாகவும் தொகுத்துத் தருமாறு ஒரே ஒரு வினா எழுப்பப்பட்டால் போதும். இதுவரை ஊகமாக இருப்பது ஆவணமாகிவிடும். 350-பி பிரிவின்படி நியமிக்கப்படும் மொழிச் சிறுபான்மையினர் ஆணையரின் அறிக்கைகள் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டியவை. அவற்றில் இப்பட்டியல் இடம்பெறுவதும் பொருத்தமாக இருக்கும்.

2021-22 முதல் 2025-26 வரை ரூ.2.94 லட்சம் கோடி மதிப்பீட்டில் ஒப்புதல் பெற்ற சமக்ர சிக்ஷா கட்டத்தின் எல்லை 2026 மார்ச் 31. அதனைத் தொடரும் கட்டத்தின் விதிகளில் மூன்று மாற்றங்கள் செய்தால் முரண்பாட்டின் பெரும்பகுதி நீங்கும். கணினி மானியத்தின் தொடக்க எல்லையை ஆறாம் வகுப்பிலிருந்து கீழே இறக்க வேண்டும். 'கிராமப்புறம்' என்று உள்ள இடங்களில் நகரக் குடிசைப் பகுதிகளையும் சேர்க்க வேண்டும். பல மொழிகளில் பள்ளி நடத்தும் உள்ளாட்சிகளுக்கு, பாடத் தயாரிப்புக்காகப் பயிற்று மொழி வாரியாகத் தனித் தொகை அளிக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் அரசியல் சாசனத் திருத்தம் தேவையில்லை. புதிய சட்டமும் தேவையில்லை. அமைச்சகத்தின் நெறிமுறைகளில் சில வரிகளைத் திருத்தினால் போதும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே ஆணையில் 70 ஆயிரம் பேரை இடம் மாற்ற முடிந்த அரசு இயந்திரத்துக்கு, அவர்களின் பேரப் பிள்ளைகளுக்காக இந்தச் சில வரிகளை மாற்றுவது அரிய செயலாக இருக்க முடியாது.